பதினோரு வருசத்து அதிரசம்

ராமுத்தாய் யாருக்கும் ஒரு பொருளை வெறுமனே கொடுத்ததில்லை. கூடவே ஒரு சொல்லையும் கொடுத்துவிட்டுத்தான் வருவாள்.

போடியில் சந்தைக்குப் பின்பக்கம் மலையைப் பார்த்துப் போகிற தெருவில் முப்பது வீடுகள் இருக்கும். தீபாவளிக்குத் தீபாவளி அத்தனை வீட்டுக்கும் அவள் சுட்ட அதிரசம் போகும். தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டு, "இந்தா, பிள்ளைகளுக்குக் குடு. அதிரசம்னா என்னான்னு அதுகளும் தெரிஞ்சுக்கிரட்டும்" என்பாள். பக்கத்து வீட்டுப் பேச்சியிடம், "போன வருசம் ஒண்ணு குடுத்துவிட்டியே, அது முறுக்கா வெறகா? எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளு பல்லத் தடவிப் பாத்துக்கிட்டே இருந்தாரு" என்பாள். முக்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் யூனுஸ் வீட்டுக்குப் போனால் அவர் மனைவி அலிமாவிடம், "பெருநாளைக்கு நீ தந்த சேமியாவுல சீனி போட்டியா, இல்ல சீனி மூட்டப் பக்கமா அத நடத்திக் கூட்டிட்டு வந்தியா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். எதிரில் நிற்பவர்களும் சிரித்து வைப்பார்கள். கையில் அவள் கொடுத்த பலகாரத்தை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது?

கைப்பக்குவத்தில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. அவள் அதிரசம் ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்கும். எட்டு நாள் வைத்தாலும் கல்லாகாது. சுக்கும் ஏலமும் அளவாக மணக்கும். இது தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். சங்கடமே அதுதான்.

அவள் வேலை பார்ப்பது ஏலக்காய் ஸ்டோரில். மலையிலிருந்து லோடு லோடாக இறங்குகிற காயைச் சொளகில் பரப்பி, பச்சை மாறாத முழுக்காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வாய் பிளந்தது ஒரு பக்கம் என்று பொறுக்கிப் பிரிக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக அதே வேலை. பார்த்த மாத்திரத்தில் சொத்தையைத் தள்ளிப் பழகிய கண். சாயங்காலம் முந்தானையை உதறிக் காட்டிவிட்டு ஸ்டோரைவிட்டு வெளியே வந்த பிறகும் ராமுத்தாய் பொறுக்குவதை நிறுத்துவதில்லை என்று, அதே ஸ்டோரில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மாயக்காள் ஒரு தடவை சொன்னாள்.

முதலாளி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தருகிற காயைச் சேர்த்து வைத்து, தெருவில் கல்யாணம் என்றால் ராமுத்தாய் ஏலக்காய் மாலை கட்டுவாள். ஒரே அளவுக் காயாக எடுத்து, ஓடு பிளக்காமல் ஊசியில் கோத்து, பட்டுநூல் குஞ்சம் வைத்து முடிக்க ஒரு வாரம் பிடிக்கும். அந்த மாலை மாப்பிள்ளை கழுத்தில் விழுந்தால் மண்டபமே மணக்கும். மாயக்காள் மகன் கல்யாணத்துக்கும் கட்டினாள். மேடையில் ஏறி மாலையைக் கொடுத்தபோது, "பொண்ணு கொஞ்சம் மட்டுத்தான். மாலையாச்சும் நல்லா இருக்கட்டும்" என்றாள். பக்கத்தில் மைக் இருந்தது.

இந்த வருடம் ஐப்பசி மழை பிடித்த பிடி விடவில்லை. குரங்கணிப் பக்கம் மலை இருக்கிற இடமே தெரியாமல் மேகம் இறங்கிக் கிடந்தது. தேவாரத்தில் வாக்கப்பட்ட மகள் கார்த்திகா தீபாவளிக்கு வந்திருந்தாள். நாலு மாதம். வாந்தி நின்று இப்போதுதான் சோறு இறங்க ஆரம்பித்திருந்தது. அடுப்படியில் மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, அம்மா பாகு காய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராமுத்தாய் அரிசியை ஊறவைத்து, வீட்டுக்குள்ளேயே வேட்டியை விரித்து ஆறப்போட்டு, ஈரம் முழுசாகப் போகுமுன் உரலில் இடித்திருந்தாள். மில்லில் கொடுத்தால் மாவு சூடேறிச் செத்துப்போகும் என்பது அவள் கட்சி. கொதிக்கிற வெல்லப்பாகில் ஒரு சொட்டை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டாள். விரலால் கூட்டிப் பார்த்தாள். உருண்டது. சட்டியை இறக்கி மாவைக் கொட்டிக் கிளறினாள். தோள்பட்டை நரம்பு புடைத்தது.

"யம்மா, இம்புட்டு மாவு எதுக்கு? நம்ம வீட்ல இருக்கிறது மூணு பேரு" என்றாள் கார்த்திகா.

"தெருவுக்கு."

"தெருவுல எல்லாரும்தான் சுடுறாங்க."

"சுடுறாளுக. அதனாலதான் நான் சுட வேண்டியிருக்கு."

"குடுக்கிறப்ப வாய மூடிக்கிட்டுக் குடுத்துட்டு வாம்மா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் என்னா பொய்யா சொல்றேன்? வேகாததத்தான் வேகலங்குறேன்."

"மெய்யாத்தான் சொல்ற. அதத்தான் சொல்லாதங்குறேன்."

ராமுத்தாய்க்கு அது விளங்கவில்லை. விளங்கவேண்டிய விஷயமாகவும் படவில்லை. மாவைப் பானையில் அழுத்தி, மேலே நெய் தடவி, துணியால் வேடு கட்டினாள். இரண்டு நாள் ஊறியது. தீபாவளியன்று விடியும்போதே எண்ணெய்ச் சட்டி ஏறிவிட்டது. தட்டிப் போட்டது உப்பி மேலே வர, எடுத்து இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை வடியப் பிழிந்து, ஓலைப்பெட்டியில் அடுக்கினாள். குளித்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் வாளியும் கையுமாகத் தெருவில் இறங்கிவிட்டாள். போகிற வீட்டிலெல்லாம் பேச்சும் போயிற்று.

சாயங்காலம் கார்த்திகா மறுநாள் தேவாரத்துக்குக் கொண்டுபோவதற்கு ஒரு வாளி வேண்டியிருந்தது. மூடி சரியாகப் பொருந்துகிற வாளி காலையில் அதிரசத்தோடு மாயக்காள் வீட்டுக்குப் போயிருந்தது. வாங்கி வர ராமுத்தாய் போனாள். தூறல் விழுந்துகொண்டிருந்ததால் மாயக்காள் வீட்டு முன்கதவு சாத்தியிருந்தது. பக்கத்துச் சந்தில் நுழைந்து பின்பக்கம் மாட்டுக்கொட்டத்துக்கு வந்தாள்.

மாயக்காள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். இடுப்பில் அந்த வாளி. அதிலிருந்து அதிரசத்தை ஒவ்வொன்றாக எடுத்து, பிட்டு, கழனித் தொட்டியில் தவிட்டோடு போட்டுக்கொண்டிருந்தாள். மாடு கண்ணை மூடிக்கொண்டு மென்றது. நாக்கைச் சுழற்றி மூக்கையும் நக்கிக்கொண்டது.

"மாயக்கா!"

மாயக்காள் திரும்பினாள். வாளியை ஒளிக்கவில்லை.

"என்னாடி இது?"

"பாத்தாத் தெரியலயா? மாட்டுக்கு வைக்கிறேன்."

"அது நான் சுட்டதுடி."

"எனக்குத் தெரியும். அதுக்கும் தெரியும். வருசா வருசம் திங்குதுல்ல."

ராமுத்தாய் மாட்டைப் பார்த்தாள். பிறகு, "எத்தன வருசமா?" என்றாள்.

"பதினோரு வருசமா. இதுக்கு முன்னாடி இதோட ஆத்தா தின்னுச்சு."

"அடி படுபாவி! கையெல்லாம் சூடு வாங்கிச் சுட்டுக் கொண்டாந்து தர்றேன், மாட்டுக்கு வைக்கிறியே. வேணாம்னா வேணாம்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா அதுக்கு ஒண்ணு பேசுவ. அதையும் கேக்கணும்."

சத்தம் கேட்டுச் சந்து முனையில் பேச்சியும் அலிமாவும் வந்து நின்றார்கள். மாயக்காள் அவர்களைப் பார்த்தாள். நிறுத்திவிடுவாள் என்று ராமுத்தாய் நினைத்தாள். அவள் நிறுத்தவில்லை. சத்தத்தைக் கூட்டவும் இல்லை.

"எங்க வீட்டுக்காரரு செத்த வருசம். எண்ணச்சட்டி வைக்கக் கூடாத வருசம். தெருவுல ஆளுக்கு நாலு கொண்டாந்து தந்தாங்க. இந்தா நிக்கிறாங்களே இவுக ரெண்டு பேரும் தந்தாங்க. ஒரு பேச்சுப் பேசல. வச்சிட்டுப் போனாங்க. நீயும் வந்த. வந்து என்னா சொன்ன?"

"என்னா சொன்னேன்?"

"நெனவில்லயா?"

ராமுத்தாய் யோசித்தாள். நிஜமாகவே ஞாபகம் இல்லை.

"'நீ சுட்டா ஒருத்தரும் வாயில வைக்கப் போறதில்ல மாயக்கா. இந்த வருசம் நீ சுடாததும் தெருவுக்கு நல்லதாப் போச்சு'ன்ன. சொல்லிட்டுச் சிரிச்ச. அவருக்குப் பதினாறு முடிஞ்சு நாலு நாளு ஆகியிருந்துச்சு."

தூறல் வலுக்க, அலிமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தமாசுக்குச் சொல்லியிருப்பேன்டி."

"நானும் தமாசுக்குத்தான் மாட்டுக்கு வைக்கிறேன்."

சந்து முனையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பேச்சியா அலிமாவா என்று திரும்பிப் பார்க்க ராமுத்தாய்க்குத் தைரியம் வரவில்லை. மாயக்காள் மிச்சம் இருந்த இரண்டையும் மாட்டுக்குக் கொடுத்தாள். வாளியைக் கழுவி, முந்தானையால் உள்ளே துடைத்து, மூடியைப் பொருத்தி நீட்டினாள். அந்தத் தெருவில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. நாலு மல்லித்தழையாவது கிடக்கும். மாயக்காள் எதுவும் போடவில்லை.

ராமுத்தாய் வீட்டுக்கு வந்து வாளியை வீசினாள். என்னவென்று கேட்ட கார்த்திகாவைத் தாண்டி உள்ளே போனாள். கட்டிலில் ராமுத்தாயின் புருசன் மலைச்சாமி படுத்திருந்தார். குரங்கணி ரோட்டில் இருபது வருடம் ஆள் ஏற்றி ஜீப்பு ஓட்டியவர். இடுப்பெலும்பு தேய்ந்த பிறகு வீட்டோடு இருக்கிறார். பேச்சு குறைவு. அந்த வீட்டில் இன்னொருவர் பேசுவதற்கு இடமும் இருந்ததில்லை.

"பதினோரு வருசமா மாட்டுக்கு வச்சிருக்காய்யா. என் கையால செஞ்சத. மாட்டுக்கு!"

மலைச்சாமி எழுந்து உட்கார்ந்தார். "நீ கோழிக்குப் போடல?"

"என்னாது?"

"பேச்சி தர்ற முறுக்கு எங்க போகுது? அலிமா தர்ற சேமியா எங்க போகுது? கோழிக்குத்தான போடுற? மாயக்கா பொங்கலுக்கு வெல்லம் போட்டுப் பச்சமாவு இடிச்சுத் தந்துச்சே, அதையும் கோழிதான தின்னுச்சு."

"அது திங்கிற மாதிரியா இருந்துச்சு?"

"தின்னு பாத்தியா?"

ராமுத்தாய் கீழே கிடந்த வாளியை எடுத்து மூடியைப் பொருத்தினாள்.

"நான் பல்லத் தடவுனேன்னு வேற தெருவெல்லாம் சொல்லியிருக்க. நான் எங்க தடவுனேன்? பேச்சி முறுக்குல கோழிக்குப் போனது போக நாலு எடுத்துத் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப ஏன்யா எங்கிட்டச் சொல்லல?"

"ஒங்கிட்டயா?" என்றார் மலைச்சாமி.

கார்த்திகா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகம் அப்படிச் சிறுத்துப்போய் அவள் பார்த்ததில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறந்து ஆறுதலாக ஒன்று சொல்ல வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ராமுத்தாய், "மத்தவளுக? மத்தவளுகளுமா தூரப் போட்டாளுக?" என்று கேட்டாள்.

"தூரவெல்லாம் போடல. நான் ஓட்டுனப்பப் பாத்திருக்கேன். தீபாவளிக்கு மறுநா மல வேலைக்கு ஏறுற பொம்பளைக மடியில நம்ம அதிரசம் இருக்கும். ஒங்க தெருவுல குடுத்தாங்க அண்ணேம்பாளுக. கொட்டகுடி தாண்டுறதுக்குள்ள தின்னு முடிச்சிருவாளுக."

"நல்லாருக்குன்னு சொன்னாளுகளா?"

மலைச்சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்போதும் அதைத்தான் கேட்கிறாள். "சொன்னாளுக, சொன்னாளுக" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ராமுத்தாய் தெருவில் யார் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. ஸ்டோரில் மாயக்காளுக்கு எதிரில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உட்கார்ந்தாள். கார்த்திகை மாதத்துக் குளிரில் காய்த்தூசி மூக்கில் ஏறி எல்லாரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். ராமுத்தாயின் சொளகில் காய் உருளுகிற சத்தம் மட்டும் கேட்கும். முன்பெல்லாம் அடுத்தவள் சொளகை எட்டிப் பார்த்து, "இதுக்குப் பேரு பொறுக்குறதா? கோழி கிளறுன மாதிரி இருக்கு" என்பாள். அது நின்றுபோனது. ஸ்டோரில் யாரும் அதற்காக வருத்தப்படவில்லை. ஒருத்தி மட்டும், நாளு நீளமாக இருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள்.

பொங்கலுக்கு யாருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. யாரும் ஒன்றும் கொண்டுவரவும் இல்லை. கோழிகள் அரிசிக் குருணையைக் கொத்திக்கொண்டு திரிந்தன.

தை பிறந்ததும் கார்த்திகாவின் மாமியார் முனியாயி போன் பண்ணினாள். ஏழாம் மாதம் ஆத்தா வீட்டில் வைத்தே வளைகாப்புப் போட்டு அங்கேயே விட்டுவர நாள் பார்த்தாயிற்று என்றாள். மறுநாளே கார்த்திகா பஸ்சு ஏறிப் போடிக்கு வந்தாள்.

"மண்டபம் பேசிருவோம். சமையலுக்கு ஆளு விட்டுருவோம்" என்றாள் ராமுத்தாய். "ஒங்க வீட்டு ஆளுக, நம்ம சொந்தத்துல நாலு பேரு. தெருவுல ஒருத்தியையும் கூப்புட மாட்டேன்."

"அப்ப எனக்கு வேணாம்."

"என்னாடி வேணாம்?"

"வளைகாப்பும் வேணாம், இங்கிட்டு வந்து பிள்ள பெக்கவும் வேணாம். நான் தேவாரத்துலயே இருந்துக்கிறேன்."

"தேவாரத்துலயா? ஆன எறங்குற ஊர்லயா?"

"ஆன மாசத்துக்கு ஒருக்காத்தாம்மா வருது."

ராமுத்தாய் மகளைப் பார்த்தாள். மகள் கண்ணை எடுக்கவில்லை.

"சின்னதுல எங்கூடப் படிச்ச பிள்ளைக ஒண்ணாச்சும் நம்ம வீட்டுக்கு வந்துருக்கா? வந்தா அது போட்டுருக்கிற சட்டைய ஒண்ணு சொல்லுவ, அதோட ஆத்தாவ ஒண்ணு சொல்லுவ. நான்தான் ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போயி நிப்பேன். இப்ப என் பிள்ளையும் அப்பிடிப் போயி நிக்கணுமா? எனக்கு வளையலு போடத் தெரு வரணும். வராட்டி நான் வரல. அவ்வளவுதான்."

"அவளுக எப்பிடிடி வருவாளுக?"

"நீ போயிக் கூப்புடு. மொத மாயக்கா சித்தியக் கூப்புடு. மொத வளையலு அவங்கதான் போடணும்."

"அவ புருசனில்லாதவடி!"

"எனக்கு அம்ம போட்டப்ப ஒனக்கு ஸ்டோர்ல லீவு இல்லன்னு ஒன்பது நாளு மடியில போட்டு வேப்பெல வீசுனது அவங்கதான். அப்ப அவங்களுக்குப் புருசன் இருந்தாரு, இப்ப இல்ல. கை அதே கைதான?"

ஞாயிற்றுக்கிழமை ராமுத்தாய் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் எடுத்துக்கொண்டு போனாள். முன்வாசல் வழியாகத்தான் போனாள். மாயக்காள் வாசலில் சாணி வரட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தாள்.

"வெள்ளிக்கெழம கார்த்திகாவுக்கு வளைகாப்பு. வரணும்."

"வந்து? பின்னால நின்னு பாக்கவா?"

"மொத வளையலு நீ போடணுமாம்."

மாயக்காளின் கை நின்றது. "யாரு சொன்னா, நீயா அவளா?"

"அவ."

"நீ என்னா சொல்ற?"

தட்டு கையில் கனத்தது. தெருவில் இரண்டு பேர் சைக்கிளை மெதுவாக்கி இவர்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். "நானும்தான் சொல்றேன்" என்றாள் ராமுத்தாய்.

"அன்னிக்குச் சொன்னதுக்கு ஒங்கிட்ட ஒரு வார்த்த இருக்கா யக்கா?"

"நெனவில்லடி. சத்தியமா நெனவில்ல." அவள் குரல் இறங்கியது. "ஆனாச் சொல்லியிருப்பேன். நான் சொல்ற மாதிரிதான் இருக்கு அந்தப் பேச்சு."

மாயக்காள் சாணிக் கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். துடைத்துக்கொண்டு வந்து தட்டை வாங்கினாள்.

"வர்றேன். கார்த்திகாவுக்காக வர்றேன். ஆக்கிக் கொண்டாருவேன். அத நீ என் முன்னால ஒக்காந்து திங்கணும். கோழிக்குப் போடக் கூடாது."

"கோழி சங்கதி ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒங்கோழி எங்க சந்துலதான மேயுது? பேச்சி முறுக்கக் கவ்விக்கிட்டுத்தான் வரும். அவளும் நானும் ரெண்டு வருசம் பாத்துச் சிரிச்சோம். பெறகு சிரிப்பு வரல."

அன்றைக்கு ராமுத்தாய் முப்பது வீட்டுக்கும் போனாள். கூப்பிட்டாள். வேறு ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிமிஷம் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை வெயில் இதமாக இருந்தது. மலை முழுசாகத் தெரிந்தது. வீட்டு வாசலில் பந்தல். பத்து மணிக்குத் தெரு வந்தது. பேச்சி முறுக்குத் தூக்கோடும், அலிமா சேமியாச் சட்டியோடும் வந்தார்கள். தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று ஆளுக்கு ஒன்று தலையிலும் இடுப்பிலுமாக வந்து இறங்கியது. மாயக்காள் பெரிய குண்டாவில் புளிச்சோறு கொண்டுவந்தாள். வெள்ளைப் பூப்போட்ட நீலச் சேலை. நெற்றியில் திருநீறு. தேவாரத்திலிருந்து வேனில் வந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மருமகன் ஜெகதீஷ் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

கார்த்திகாவை மணையில் உட்கார வைத்தார்கள். கன்னத்தில் சந்தனம். மாயக்காள் வளையலை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தபோது முனியாயி எழுந்துவிட்டாள்.

"மதினி, ஒரு நிமிசம். இவுக யாரு?"

"எங்க தெருதான். மாயக்கா" என்றாள் ராமுத்தாய்.

"தெருன்னா சரி. பூவும் பொட்டுமா இம்புட்டுப் பேரு இருக்கையில இவுகளா மொத வளையலு போடுறது? எங்க வீட்டு வாரிசு மதினி. முறைன்னு ஒண்ணு இல்ல?"

மாயக்காள் கையில் வளையலோடு நின்றாள். பந்தலில் ஒரு சத்தமில்லை. கார்த்திகா அம்மாவைப் பார்த்தாள்.

மூன்று மாதமாக மூடி வைத்திருந்த வாய் திறந்தது.

"முறையா? ஒங்க மூத்த மருமகளுக்கு மொத வளையலு ஆரு போட்டா மதினி? பூவும் பொட்டுமா நீங்கதான போட்டீக? அந்தப் பிள்ள இப்ப எங்க இருக்கு? ஒங்க வாய்க்குப் பயந்து கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆத்தா வீட்ல ரெண்டு வருசமா இருக்கு. ஒங்க கை பட்டு அந்தப் பிள்ள வாழ்ந்த வாழ்க்க தேவாரத்துல ஆனைக்குக்கூடத் தெரியும். எங்க வீட்ல எம் மகளுக்கு ஆரு போடணும்னு எனக்குத் தெரியும். ஒக்காருங்க. ஒக்காந்து பாருங்க. கண்ணுக்கு முறையெல்லாம் கெடையாது."

முனியாயியின் முகம் செத்துப்போனது. "யம்மா, ஒக்காரும்மா" என்று ஜெகதீஷ் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். பின்வரிசையில் பேச்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மாயக்காள் குனிந்து வளையலைப் போட்டாள். கார்த்திகாவின் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். மற்றப் பெண்கள் வந்தார்கள். கண்ணாடி வளையல் சத்தத்தில் பந்தல் மறுபடி பேச ஆரம்பித்தது.

பந்தி போடும்போது ராமுத்தாய் பரிமாறக் கரண்டியை எடுத்தாள். மாயக்காள் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"எனக்காகப் பேசுனேன்னு நெனச்சுக்கிராத யக்கா. ஒனக்கு ஆரையாச்சும் பேசணும். இன்னிக்கு அவுக மாட்டுனாங்க."

ராமுத்தாய் இல்லை என்று சொல்லப் பார்த்தாள். சொல்லவில்லை.

"ஒக்காரு."

பந்தலின் நடுவில் இலை போட்டாள். ராமுத்தாய் உட்கார்ந்தாள். குண்டாவிலிருந்து புளிச்சோறு இலையில் விழுந்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் திரும்பினார்கள். மலைச்சாமி கம்பை ஊன்றி வந்து திண்டில் உட்கார்ந்து பார்த்தார்.

ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். நல்லெண்ணெய் மணத்தது. வறுத்த மல்லியும் வெந்தயமும் சரியாக இடித்துப் போட்டிருந்தது. நிலக்கடலை நமுத்துப்போகவில்லை. சோறு நன்றாக இருந்தது. குறை இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மென்றாள், விழுங்கினாள். ஏதாவது சொல்வாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் இரண்டாவது கவளத்தை எடுத்தாள்.

இலை காலியானதும் பேச்சி வந்து நாலு முறுக்கை வைத்தாள். ராமுத்தாய் ஒடித்துத் தின்றாள். நொறுங்குகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அலிமா சேமியாவை ஊற்றினாள். பேச்சில்லாமல் வழித்துத் தின்றாள். பிறகு தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தேங்காய்ச் சோறு வந்தது, எலுமிச்சைச் சோறு வந்தது. பாசத்தோடு யாரும் வைக்கவில்லை. இத்தனை வருடம் வாங்கிய பேச்சுக்கெல்லாம் ஒரு கரண்டி என்பது போல நிறைத்து வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றும் பார்த்தார்கள். அவள் நெற்றியில் வேர்வை பூத்தது. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குனிந்தாள்.

"போதும் சித்தி, அம்மாவுக்கு ஒத்துக்கிராது" என்றாள் கார்த்திகா மணையிலிருந்து.

தயிர்ச்சோற்றுச் சட்டியோடு அடுத்து வந்தவள் தயங்கினாள். இலையில் இடமும் இல்லை. மாயக்காளைப் பார்த்தாள். மாயக்காள் ஒன்றும் சொல்லவில்லை.

ராமுத்தாய் இலையில் கிடந்ததை ஓரமாகத் தள்ளி நடுவில் இடம் பண்ணினாள்.

"வையி" என்றாள்.